ரேகைக்கு ஒரு போத்தல்

பிரட்டுக்களத்து மெஷினுக்கு
என்னைத் தெரியவில்லை.
பெருவிரலை வைத்தேன், சிவப்பு.
துடைத்து வைத்தேன், சிவப்பு.
இடதுகைக்கும் சிவப்பு.
உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல்
இங்கிலிசில் மன்னிப்புக் கேட்டது,
மனசில் ஒன்றும் இல்லாமல்.

"ஒனக்கு ரேகையே இல்லையே சந்தனமேரி"
என்றார் கணக்கப்பிள்ளை,
ஏழாம் நம்பர் மலையில்
நான் அதைத் தொலைத்துவிட்டு வந்த மாதிரி.
அன்றைக்கு அரைப்பேர்.

தை மாதம் பொகவந்தலாவையில்
காற்றுக்கு ஈரம் கிடையாது.
விரல் நுனியெல்லாம் வெடிப்பு,
வெடிப்பெல்லாம் கொழுந்துக் கறை.
ரொட்டிக்கு மா பிசைந்தால் உப்பு எரியும்.
மகனின் முதுகைத் தடவினால்
"ஏம்மா பிறாண்டுற" என்பான்.

டவுன் பார்மசியில் லோஷன் பார்த்தேன்.
வெள்ளைப் போத்தல், மூடியில் பம்பு.
விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
பனடோல் ஒரு கார்ட் வாங்கி வந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்களே செய்தோம்.
தேன்மெழுகு,
டர்பன்டைன் மரத்துக் கூட்டிலிருந்து இவர் எடுத்தது
(மூன்று நாள் ஒரு கண் திறக்கவில்லை).
கற்றாழை, மாதா கெபி வேலியோரம்,
மாதாவிடம் கேட்டுத்தான் முறித்தேன்.
மானாப்புல் ரெண்டு தாள்.
தேங்காயெண்ணெய் குசினியிலிருந்து,
அதாவது
என்னிடமிருந்து நானே களவெடுத்தது.

மெழுகை எண்ணெயில் உருக்கி
கற்றாழைச் சாற்றை ஊற்றினேன்.
ஒரு நிமிஷம்கூட இல்லை, திரிந்தது.
மேலே எண்ணெய், கீழே தண்ணி,
நடுவில் மெழுகு பருக்கை பருக்கையாய்.
"நம்ம கல்யாணம் கட்டின புதுசு மாதிரி" என்றார் இவர்.
நான் சிரிக்கவில்லை.
எண்ணெய் விலை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டோரில் இவருக்கு ட்ரையர் வேலை,
பதினாலு வருஷமாய்ச் சூட்டோடு.
திரிந்ததை வடித்துத் திரும்ப உருக்கினார்.
சாற்றைக் கோப்பையில் விட்டு
கோப்பையை வெந்நீரில் உட்கார வைத்தார்.
இந்தப் பாத்திரத்தைப் புறங்கையால் தொட்டார்,
அந்தப் பாத்திரத்தைத் தொட்டார்.
"இன்னும் இல்ல."
அடுப்பைக் குறைத்தார், திரும்பத் தொட்டார்.
"ரெண்டும் ஒரே சூடு. இப்ப ஊத்து, நூல் மாதிரி."

ஹார்லிக்ஸ் போத்தலில் நூலாய் விட்டு
துணி சுற்றி மாறி மாறிக் குலுக்கினோம்.
அடுத்த காம்பரா லில்லிபாய் எட்டிப் பார்த்து
"என்னா சவரியண்ணே, மாடில்லாம வெண்ண எடுக்கிறீங்களா"
என்று கேட்டுவிட்டு
அவளும் ஒரு நூறு குலுக்கு குலுக்கினாள்.
களக் களக்கென்ற சத்தம்
மொத்து மொத்தென்று மாறியது.
திறந்தோம்.
சீம்பால் போல,
வெள்ளையும் இல்லை மஞ்சளும் இல்லை.
லில்லிபாய்க்கு ஒரு தயிர்க்கோப்பை நிறையப் போனது.

தண்ணி கலந்தது, ஒரு கிழமைக்கு மேல் தாங்காது.
பீலித்தண்ணி வாளிக்குள் போத்தலை முக்கி வைத்தோம்.
ராத்திரி ராத்திரி விரல் விரலாய்ப் பூசிவிட்டார்.
"ரேகை வந்திருச்சா?"
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ஒரு கோடு தெரியுது."
"நெசமா?"
"முக்காவாசி."

அடுத்த திங்கள், பிரட்டு.
விரலை வைத்தேன். வழுக்கியது. சிவப்பு.
கண்ணாடியில் என் எண்ணெய்ப் பொட்டு.
கணக்கப்பிள்ளை தன் லேஞ்சியால் துடைத்தார்,
பிறகு லேஞ்சியை முகர்ந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பேனா பிடிக்கிற இடத்தில் அவருக்கும் வெடிப்பு.
சேலையில் விரலைத் தேய்த்து மறுபடி வைத்தேன்.

பச்சை.
திரையில் இங்கிலிஸ் எழுத்தில் பேர் வந்தது:
சந்தனமாரி.
அப்பாவுக்கும் அடையாள அட்டையில்
ஓர் எழுத்துப் பிழைதான், அதோடேயே செத்தார்.
நான் பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டேன்.

மலையில் முதல் கொழுந்து
விரலிலிருந்து நழுவி விழுந்தது.
குனிந்து எடுத்தேன்.
மானாப்புல் வாசம் ஏறியிருந்தது அதில்.
யாரோ குடிக்கட்டும் என்று
கூடையில் போட்டேன்.